நூறு கோடியில் ஒரு பங்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தனி வீடுகளில் இன்டர்நெட் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வரும். தெருக் கம்பத்திலிருந்து இழுத்த ஃபைபர் கேபிள் ஹால் ஜன்னல் ஓரமாக நுழைய, டிவிக்குப் பக்கத்தில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார்கள். பின்னறையில் படிக்கும் பிள்ளைக்கும், பிற்பாடு எழுப்பிய மாடியில் இருப்பவர்களுக்கும் சிக்னல் ஒரே ஒரு கோடு. அந்த ஒற்றைக் கோடு வந்து சேர்வதே பெரிய அதிசயம் என்பேன்.

வீட்டு ரூட்டர் ஏறக்குறைய 100 மில்லிவாட் வலுவில் அலையை அனுப்புகிறது. பின்னறையில் போன் மைனஸ் 70 டிபிஎம் என்று காட்டினால், அங்கே கிடைப்பது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. அதாவது, கிளம்பியதில் நூறு கோடியில் ஒரு பங்கு! அதை வைத்துக்கொண்டு போன் படம் ஓட்டுகிறது.

மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பகுதி நாலாபக்கமும் பரவி வீணாகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கொஞ்சம் விழுங்குகிறது. இரும்பு பீரோ திருப்பி அனுப்புகிறது. மாடிக்குப் போகும் அலைக்குத் தடை கான்கிரீட் தளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.; தளத்துக்குள் வலைபோலக் கட்டிய கம்பிகளின் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் அலையில் கணிசமான பங்கு மேலே ஏறாமலே திரும்பிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை தகவலை வேகமாகக் கொண்டுபோகும், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அதைவிடச் சோடை.

ரூட்டரின் வலுவைக் கூட்டினால் தீராதா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று 2005 ஜனவரியில் அறிவித்த இந்திய அரசு, வலுவுக்கு வரம்பும் வைத்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். வைஃபை என்பது இருவழிப் பேச்சு. ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், சின்ன பேட்டரியில் ஓடும் போனின் பதில் அதற்குக் கேட்க வேண்டுமே!

இந்தப் பதில் விஷயத்தில்தான் ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் வருகிறது. வைஃபையில் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் பதிவுத் தபால் மாதிரி. எதிர்முனையிலிருந்து ஒப்புகை வர வேண்டும். சில பத்து மைக்ரோ வினாடிகளுக்குள் வராவிட்டால், தொலைந்துவிட்டது என்று மறுபடி அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும். வீட்டுக்குள் இதெல்லாம் கணக்கிலேயே வராது. ஆனால் 15 கிலோமீட்டர் என்றால் போய்த் திரும்பவே 100 மைக்ரோ வினாடி ஆகிவிடும்; ஒப்புகை வருமுன்பே மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும்.

இந்தச் சிக்கலைத் தேனியில் தீர்த்துக் காட்டினார்கள். இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலிலும் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, தன் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் மையங்களோடு வைஃபையால் இணைத்தது. நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயரமான கோபுரங்களில் திசை ஆன்டெனாக்களை வைத்தார்கள். மென்பொருளையும் மாற்றினார்கள்: பொட்டலத்துக்கு ஒரு ஒப்புகை என்பதை விட்டு, மொத்தமாகச் சேர்த்து ஒப்புகை, அனுப்பவும் கேட்கவும் முறைவைத்த நேரம். வழக்கமான வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு தகவல் போனதாக 2007-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கிராமத்துக் கண்ணுக்குச் சிகிச்சை கிடைக்க ஒரு மென்பொருள் திருத்தம் உதவியது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

சாதாரண வீட்டு ரூட்டரே நெடுந்தூரம் பேசியதும் உண்டு. வெனிசுவேலாவில் எர்மன்னோ பியெத்ரோசெமோலி என்ற பொறியாளர் 2006-ல், லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரூட்டர்களைப் பெரிய ஆன்டெனாக்களோடு பூட்டி 279 கிலோமீட்டர் தூரம் இணைத்தார். உள்ளே ஓடியது ஓபன்டபிள்யூஆர்டி. அந்த ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பது 2003-ல் தெரியவந்து, நிறுவனம் மூல நிரலை வெளியிட்டதால் பிறந்த இலவச ஃபர்ம்வேர் அது.

நம் வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். பழைய ரூட்டர்கள் பலவற்றில், அதே ஓபன்டபிள்யூஆர்டியை ஏற்றினால், முதல் ரூட்டரின் சிக்னலை வாங்கி மறு ஒலிபரப்புச் செய்யும் வேலையையும் அது பார்க்கும். ஆனால் ஒரே ரேடியோ கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும் என்பதால் வேகம் பாதியாகும். அப்படி வைப்பதானால் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள். பாதி வழியில், நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வையுங்கள்.

என் தேர்வு கேபிள்தான். மாடிப்படி ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து, இரண்டாவது ரூட்டரின் லேன் துளையில் செருகுங்கள். முதல் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். இதில் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள், வீட்டுக்கு முகவரி வழங்குபவர் ஒருவர் போதும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் வேறாக: ஒன்றில் 1, மற்றதில் 6 அல்லது 11. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை.

ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதால் அலை தானாக நீளாது. ஆனாலும் அதைத் தவிர்க்கக் கூடாது. 2017-ல் வைஃபை பூட்டிலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள்; அடைத்தது புதிய மென்பொருள்தான். ரூட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணையும் வெர்ஷன் எண்ணையும் பார்த்து, அதற்கே உரிய கோப்பை மட்டும் ஏற்றுங்கள். ஏற்றும்போது கரண்ட் போனால் ரூட்டர் செயலிழந்துவிடலாம். இன்வெர்ட்டர் உள்ள பிளக்கில் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.