தலை எண்ணினால் போதாது, தரையும் அளக்கணும்!

கடலோரத் தாழ்நிலங்களில் உலகெங்கும் எத்தனை பேர் வாழ்கிறார்கள்? இதற்கு முதன்முதலில் உருப்படியான விடை வந்தது 2007-இல். மெக்கிரனஹன், பால்க், ஆண்டர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள், கடலையொட்டி 10 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் நிலத்தைப் பிரித்தெடுத்து, அதன்மேல் மக்கள்தொகையைப் பொருத்திப் பார்த்தார்கள். உலக நிலப்பரப்பில் 2 சதவீதம்தான். ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் 60 கோடிக்கும் மேல்!

ஏன் 10 மீட்டர்? அதற்கும் கீழே போனால் அன்றைய உயரக் கணக்கை நம்ப முடியவில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ராடாரால் எடுத்த அளவுதான் கையில் இருந்தது. ராடாருக்கு மரமும் கூரையும் தரையும் ஒன்றுதான். வியட்நாமின் மேகாங் டெல்டாவில் தென்னைக்குப் பேர்போன பென் ட்ரே போன்ற இடங்களில், தோப்பின் உயரமும் நிலத்தின் கணக்கில் ஏறிவிடும்.

2019-இல் கல்ப், ஸ்ட்ராஸ் இருவரும் இந்தப் பிழையைக் கணினி கொண்டு திருத்தினார்கள். உயர் அலை மட்டத்துக்குக் கீழே வாழ்பவர்கள் பழைய கணக்கில் 2.8 கோடி, புதியதில் 11 கோடி. அதே ஆண்டு மேகாங் டெல்டாவின் சராசரி உயரமும் 2.6 மீட்டரிலிருந்து 0.8 மீட்டராக இறங்கியது. நிலம் திடீரென அமிழ்ந்துவிடவில்லை. வேறோர் ஆய்வுக்குழு உள்ளூர்க் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு முறையாக அளந்தது, அவ்வளவுதான்.

தலைக்கணக்கிலும் சிக்கல் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் ஊருக்கு ஒரே எண்ணைத்தான் தரும். அதை ஊர்ப்பரப்பு முழுக்கச் சமமாகப் பரப்பினால், வயலிலும் இறால் குட்டையிலும் ஆட்கள் குடியிருப்பதாக ஆகிவிடும். மேகாங்கில் வீடுகள் பெரும்பாலும் கால்வாய்க் கரை மேட்டில் வரிசைகட்டி நிற்கின்றன. அதனால்தான் செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களையும் இரவு வெளிச்சத்தையும் பார்த்து, ஆட்களை அவர்கள் இருக்கும் இடத்தில் வைக்க முயல்கிறார்கள். இந்தியாவுக்கோ அடிப்படை எண்ணே பழசு. 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011 கணக்கை வைத்துத்தான் ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் அந்த 11 கோடிப் பேரும் இன்று தண்ணீருக்குள்ளா நிற்கிறார்கள்? இல்லை. நெதர்லாந்தைப் போல, பல இடங்களில் கரைகளும் தடுப்புச்சுவர்களும் கடலை வெளியே நிறுத்தியிருக்கின்றன. இந்தக் கணக்கு அவற்றைச் சேர்க்கவில்லை. ஆக, அது மூழ்கப்போகிறவர்களின் எண்ணிக்கை அல்ல. காவலுக்கு ஒரு கரை தேவைப்படுகிறவர்களின் எண்ணிக்கை. அந்தக் கரையை எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது, யார் வீட்டுப் பக்கம் முதலில் கட்டுவது என்று முடிவெடுக்கும் அரசுக்கு, அரை மீட்டர் பிழைகூட விலை உயர்ந்த பிழைதான்.