கூண்டைவிடக் குப்பை வண்டி மேல்

போரிவலி ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடித்தால், சிக்னலில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடத்தில் காட்டின் வாசல் வந்துவிடும். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் இரைச்சல் டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் துரத்திக்கொண்டு வரும். மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பரப்பளவு சுமார் 104 சதுர கிலோமீட்டர். மேற்கே போரிவலி, மலாடு, கோரேகாவ். கிழக்கே முலுண்டு, தானே. சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் சிறுத்தைகள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் சிறுத்தையைத் தேடி வருவதில்லை. விடிந்ததும் நடைப்பயிற்சிக்காரர்கள், வெயில் ஏறினால் சாப்பாட்டுக் கூடையோடு குடும்பங்கள். வேலிக்குள் வளர்க்கப்படும் சிங்கத்தையும் புலியையும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் ஒரு ரகம். கொஞ்சம் தெம்புள்ளவர்கள் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கான்ஹேரி வரை மேடேறுகிறார்கள். போக வேண்டிய இடம் அதுதான். கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகப் பௌத்தத் துறவிகள் கரும்பாறையைக் குடைந்து உருவாக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் அங்கே இருக்கின்றன. சிலைகளைப் பார்த்து முடித்ததும் குகை வாசல்களில் வெட்டியிருக்கும் நீர்த்தொட்டிகளையும் பாறையில் ஓடும் வாய்க்கால்களையும் பார்க்க வேண்டும். மழைநீரைச் சேமிக்கத் தெரிந்த ஊர் அது. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை; தெரியாமல் போய் வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டு.

மனை விலை வானத்தைத் தொடும் ஊரில் இவ்வளவு பெரிய காடு எப்படித் தப்பியது? துறவிகளைப் போலவே பின்னால் வந்த நகராட்சியும் இங்கே தண்ணீரைத்தான் தேடியது. பம்பாயின் தாகம் தீர்க்க 1860இல் விஹார் ஏரியும் 1879இல் துளசி ஏரியும் கட்டி முடிக்கப்பட்டன. நீர்பிடிப்புப் பகுதி கெட்டுவிடக் கூடாதென்று சுற்றியிருந்த நிலத்தை நகராட்சி கையகப்படுத்தியது. குடிநீருக்காகப் போட்ட காவல் மரங்களுக்கும் சேர்த்துக் காவலானது. இரண்டு ஏரிகளும் இன்றும் நகரத்துக்குத் தண்ணீர் தருகின்றன. தஹிசர், பொய்சர் ஆறுகள் இந்தக் குன்றுகளில்தான் பிறக்கின்றன. விஹார் நிரம்பி வழிந்தால் மித்தி ஆற்றில் வெள்ளம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மித்தியின் பெயரையே மறந்திருந்த மும்பைக்காரர்கள் அதை நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டின் ஜூன் மாதத்தை வனத்துறையினர் மறக்க மாட்டார்கள். அந்த ஒரே மாதத்தில் பூங்காவையொட்டிய பகுதிகளில் சுமார் பத்துப் பேர் சிறுத்தை தாக்கி இறந்தார்கள். எங்கும் பீதி. ‘பிடித்துக்கொண்டு போங்கள்’ என்ற கூக்குரலுக்கு வனத்துறை கூண்டு வைத்துப் பதில் சொன்னது. சிறுத்தையைக் கண்ட இடமெல்லாம் கூண்டு. அகப்பட்டதை வேறெங்காவது கொண்டுபோய் விடுவது. வெளியூரில் பிடிபட்டவை இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்ததும் உண்டு.

அந்த வைத்தியமே நோயை வளர்க்கிறது என்று காட்டியவர் உயிரியலாளர் வித்யா ஆத்ரேயா. புணே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் அவர் செய்த ஆய்வில், சிறுத்தைகளை இடம் மாற்றி விட்ட பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது என்று தெரிந்தது. தன் எல்லையிலிருந்து பிடுங்கப்பட்ட விலங்கு, முன்பின் தெரியாத ஊரில் வழி தேடி அலைகிறது. 2009இல் அகமதுநகர் மாவட்டக் கிராமமொன்றில் கிணற்றில் விழுந்த ஒரு கிழட்டுச் சிறுத்தையை மீட்டு, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி மால்ஷேஜ் மலைப்பக்கம் விட்டார்கள். ‘ஆஜோபா’, தாத்தா, என்று அதற்குப் பெயர். தாத்தா விட்ட இடத்தில் தங்கவில்லை. நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, வசாய் கழிமுகத்தை நீந்தி, 120 கிலோமீட்டர் போல நடந்து மும்பைக் காட்டுக்கே வந்து சேர்ந்தது. வழியில் ஒரு மனிதரையும் தொடவில்லை. 2011இல் வாகனம் மோதி இறந்தது. பின்னர் அதன் பெயரிலேயே ஒரு மராத்திப் படமும் வந்தது.

அதே 2011இல் பூங்காவின் இயக்குநராக இருந்த சுனில் லிமாயே, ஆத்ரேயா உள்ளிட்ட ஆய்வாளர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்து ‘சஞ்சய் காந்தி பூங்காவுக்காக மும்பைக்காரர்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவர்களுடைய வேலையில் பாதி, காட்டுக்கு வெளியேதான் நடந்தது. குப்பை குவிந்தால் தெருநாய் பெருகும். நாய் பெருகினால் சிறுத்தை தேடி வரும். ஆகவே முதல் வேலை குப்பை. கழிப்பறை இல்லாமல் இருட்டில் புதரோரம் ஒதுங்குபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஆகவே கழிப்பறை, தெருவிளக்கு. சிறுத்தை கண்ணில் பட்டாலே கூண்டு கேட்கும் அடுக்குமாடிச் சங்கங்களோடு பேசினார்கள். மீட்புப் பணியின்போது கூட்டத்தை விலக்கி வைக்கப் போலீசாருக்கும், பரபரப்புத் தலைப்பைக் குறைக்கச் செய்தியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இதையெல்லாம் வனப் பராமரிப்பு என்று எந்தப் பாடப்புத்தகமும் முன்பு சொல்லியிருக்காது. ஆனால் கூண்டு செய்யாததை இது செய்தது: தாக்குதல்கள் குறைந்தன.

சிறுத்தைகள் குறைந்ததால் வந்த அமைதியும் அல்ல அது. கேமரா வைத்து எடுத்த கணக்கெடுப்பில் 2015இல் 35, 2018இல் பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் 47. 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, இந்தச் சிறுத்தைகளின் உணவில் ஏறத்தாழ 40 சதவீதம் நாய்கள், ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்கின்றன என்று மதிப்பிட்டது. அதனால் சுமார் ஆயிரம் நாய்க்கடிகள் தவிர்க்கப்படுகின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் கணக்கு. நாய் வளர்ப்பவர்களுக்கு இனிக்காத கணக்குதான்.

அபாயம் தீர்ந்துவிடவில்லை. 2022 அக்டோபரில் பூங்காவையொட்டிய ஆரே காலனியில் ஒரு குழந்தை இறந்தது. வெளிச்சமும் குப்பை வண்டியும் எல்லா இடத்துக்கும் ஒரே சீராகப் போவதில்லை. ஆரேயிலும் பூங்காவுக்குள்ளும் ‘பாடா’ எனப்படும் சிற்றூர்களில் வார்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக வசிக்கிறார்கள். புலித் தெய்வமான வாகோபாவைக் கும்பிடுபவர்கள். 1995இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு பொதுநல வழக்குப் போட, ஆக்கிரமிப்புகளை அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. காட்டோரத்து மனையை அடுக்குமாடிக்காரர்களுக்கு ‘இயற்கைக் காட்சி’ என்று சொல்லி விற்கும் ஊரில், குடிசைக்காரர் மட்டும் ஆக்கிரமிப்பாளர் ஆவது உறுத்துகிறது.

உள்ளே வனக்காவலர்களின் வேலை ஆரவாரமில்லாதது. கோடைக்கு முன் காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும், கண்ணி வைத்திருக்கிறார்களா என்று புதர் புதராகத் தேட வேண்டும், விடுமுறை முடிந்ததும் பிளாஸ்டிக் பொறுக்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, குறிஞ்சிக்கு உறவான கார்வி பூத்துக் குன்றுகள் ஊதா நிறமாகும்போது கூட்டத்தையும் சமாளிக்க வேண்டும். 2024இல் பூத்தது, தவறவிட்டவர்கள் 2032 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்குள் காட்டுக்கு அடியில் நிறைய நடந்திருக்கும். கோரேகாவையும் முலுண்டையும் இணைக்க இரட்டைச் சுரங்கம், தானேயிலிருந்து போரிவலிக்கு இன்னொன்று. இரண்டும் பூங்காவுக்குக் கீழே போகும் சாலைகள். தரைக்கு மேல் சாலை போட்டுக் காட்டை இரண்டாக வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்தான். ஆனால் சுரங்கத்துக்கு இரண்டு வாய்கள் உண்டு. தோண்டும் மண்ணை எங்காவது கொட்டியாக வேண்டும். வேலையாட்களின் முகாம்கள் வரும். அங்கே குப்பை சேரும், நாய்கள் வரும். ஒப்பந்தத்தில் குப்பை அள்ள ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று யாராவது பார்த்தால் நல்லது.