விசிறி ஓடினால் போதுமா?

தமிழாசிரியர்க்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என வினவுவோர் உளர். நாம் இளங்கலை பயின்ற நாளில் எம் வகுப்பறைக்குச் செல்லும் வழி, வேதியியல் ஆய்வுக்கூடத் தாழ்வாரமாகவே இருந்தது. கிப் கருவி ஈனும் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றத்தோடுதான் இலக்கண வகுப்புத் தொடங்கும். அவ்வாயு அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நீங்கிற்று என்று மயங்கி நிற்போனின் உயிரையும் கவரும். இத்தகைய வாயுக்களை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றவே, முன்புறம் ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவுடைய ‘ஃப்யூம் ஹூட்’ அமைக்கப்படுகிறது. நச்சுப்புகைப் பேழை என நாம் அழைப்போம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது இப்பேழைகளும் மாதக்கணக்கில் உறங்கின. நெடுநாள் அடைப்பிற்குப் பின் பொத்தானை அழுத்தி, விசிறியின் ஓசை கேட்டதும் மனநிறைவு கொள்வது மனித இயல்பு. ஆயினும் ஓசை வேறு, இழுவை வேறு.

முதலில் காணவேண்டியது பேழையின் உள்ளே. மறந்துவிட்ட ஈதர்ப் புட்டியில் நாளடைவில் பெராக்சைடு விளைந்திருக்கலாம். மூடியருகே படிகம் தென்பட்டால் அதனைத் திறத்தலும் அசைத்தலும் கூடாது. வல்லுநரை அழைக்க வேண்டும். பெர்குளோரிக் அமிலம் சூடாக்கப்பட்ட பேழையாயின், குழாயில் படிந்த உப்புகள் ஒரு தட்டலுக்கே வெடிக்கக்கூடும். வடிகாலின் வளைகுழாயில் நீர் வற்றியிருப்பின் சாக்கடை வாயு மேலேறும்; ஒரு குவளை நீர் அதற்குப் போதும்.

பின்னர், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டுக் கூரைக்கு ஏற வேண்டும். புறா கூடு கட்டியிருக்கலாம். விசிறியின் பெல்ட் வெடித்துத் தளர்ந்திருக்கலாம். இவை கண்ணுக்குப் புலனாகும். புலனாகாத பிழையொன்று உண்டு. பழுதுபார்க்கையில் மும்முனை மின்கம்பிகளுள் இரண்டு இடம் மாறிவிட்டால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்கு விசிறி அப்போதும் காற்றை வெளியேதான் தள்ளும். ஆனால் அளவு பெரிதும் குன்றிவிடும். ஓசையோ குறையாது! பேழையின் வாயில் பிடித்த மெல்லிய காகிதமும் உள்நோக்கியே அசையும். எனவேதான் காகிதச் சோதனையோடு நின்றுவிடலாகாது என்கிறோம்.

காற்றுவேகமானி கொண்டு, கதவு வழக்கமான பணி உயரத்தில் இருக்க, திறப்பின் பல புள்ளிகளில் அளத்தல் வேண்டும். சராசரி விநாடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வரை இருப்பது பொதுவாக ஏற்கப்படும் அளவு. ஒரு மூலை மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின், சராசரி சரியென்று விட்டுவிடலாகாது. வேகம் மிகுதலும் நன்றன்று; சுழல் எழுந்து புகை வெளியே திரும்பும். இறுதியில் புகையை உள்ளே விட்டு, அது முழுதும் உள்ளேயே இழுபடுகிறதா எனக் காண்க.

நம் நாட்டுக் கூடங்களில் இன்னொன்று: பேழைக்கு எதிரே சுழலும் மின்விசிறி. வெக்கையில் அதனை நிறுத்தச் சொன்னால் மாணவர் முகம் சுளிப்பர். அதன் காற்றோ பேழையின் வாயிலேயே இழுவையைக் கலைத்துவிடும். அளவெடுக்கையில் அதனை ஒருமுறை ஓடவிட்டும், ஒருமுறை நிறுத்தியும் பார்த்தல் நலம். தேறாத பேழையில் ‘பயன்படுத்தற்க’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுக. அவ்வாசகம் பிழையின்றி அமைய வேண்டுமாயின் எம் துறையை அணுகலாம்.