ஈப்போ பழைய நகரில் ஒரு நடை

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ பத்து மைல் தொலைவுகூட இல்லை. ஜவுளிக்கும் நகைக்கும் தைப்பூசத்துக்கும் நம் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் வருகிறார்கள். ஆயினும் அந்நகரின் பழைய கட்டடங்களை நின்று பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே. வழிகாட்டி எவருமின்றி, எண்ணிட்ட வரைபடம் ஒன்றைக் கையிற் கொண்டு, தாமே நடந்து பார்ப்பதற்கு ஏற்ற ஊர் அது. ஆறாம் ஆண்டு மாணவர் இருபது பேரை அழைத்துக்கொண்டு நான் அவ்வாறு சென்றபோது, வங்கிக் கட்டடம் ஒன்றின் முன்னே ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, இதுல நம்ம ஆளுங்க கட்டுனது எது?" வரைபடத்தில் கட்டடக் கலைஞரின் பெயர் இருந்தது, தவுக்கேயின் பெயர் இருந்தது. அவள் கேட்டதற்கு விடை இல்லை. அக்கேள்வியை மனத்திற்கொண்டே இந்நடையை ஆசிரிய நண்பர்களுக்கு விளக்க முற்படுகிறேன்.

காலை எட்டு மணிக்குள் புகைவண்டி நிலையத்தின் முன் நிற்பது நலம். வெயில் ஏறுமுன் பாதி நடை முடிந்துவிடும். நிலையத்துக்கு எதிரேயுள்ள தோட்டத்தில் முதலில் காட்டத்தக்கது கட்டடமன்று, ஒரு மரம். ஈப்போ என்னும் அம்மரத்தின் பெயரே ஊருக்கு ஆயிற்று. அதன் பாலைப் பழங்குடியினர் அம்பு முனையில் நஞ்சாகத் தடவினர். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் அருகே போர் நினைவுத்தூண் ஒன்று உண்டு. அதைக் கடந்து செல்க, திரும்பும்போது பார்ப்போம்.

நிலையக் கட்டடத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர். 1914இல் தொடங்கிய வேலை, உலகப் போரினால் பொருள் தட்டுப்பட்டு, 1917இல் முடிந்தது. முகப்பின் நீண்ட தாழ்வாரம் ஏறக்குறைய 600 அடி. கீழே ஐரோப்பிய முறைத் தூண்களும் வளைவுகளும். மேலே வட இந்தியக் குவிமாடம். ஊரார் இதனை 'ஈப்போவின் தாஜ்மகால்' என்பர். கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையமும் (1910), கோலகங்சார் உபுடியா பள்ளிவாசலும் (1917) இவர் வரைந்தவையே. சென்னை சென்று வந்த வாசகர்கள் எழும்பூர் நிலையத்தையும் உயர்நீதிமன்றத்தையும் நினைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் ஆங்கிலேயர் கைக்கொண்ட கலப்புப் பாணி கடல் கடந்து இங்கும் வந்ததென்க. பாணி மட்டும் வரவில்லை, ஆட்களும் வந்தனர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இருப்புப்பாதை போடப்பட்டபோது, இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வருவிக்கப்பட்டனர். பின்னர்த் தண்டவாளம் இட்டதும் பாதையைப் பேணியதும் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தொழிலாளர். நிலைய அதிபரும் கிராணிமாரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். சிறுமியின் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி நாம் இறங்கும் மேடையிலேயே கிடந்தது. அவள் கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

எதிரே நகர மண்டபமும் (1916) நீதிமன்றமும் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. இவையும் ஹப்பக்கின் தொடர்புடையனவே, விரைந்து கடக்கலாம். அடுத்து நிற்கும் மணிக்கூண்டு அவ்வாறு கடக்கத்தக்கதன்று. பேராக்கின் முதல் ஆங்கில ரெசிடெண்டு ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909இல் எழுந்தது இக்கூண்டு. நாகரிகம் வளர்ந்த வரலாற்றைக் காட்டுவதாக 44 உருவங்கள் அதைச் சுற்றிலும் தீட்டப்பட்டன. கொலைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்டோருள் மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் அடங்குவர். இன்று மாணவர் கையிலுள்ள வரைபடத்தில் மணிக்கூண்டின் அருகேயுள்ள சாலைகளின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்: டத்தோ மகாராஜா லேலா சாலை, டத்தோ சாகோர் சாலை. கொல்லப்பட்டவருக்குக் கூண்டு, கொன்றவர்க்குச் சாலை. கூண்டையும் இடிக்கவில்லை, பெயரையும் விட்டுவைக்கவில்லை. விடுதலை பெற்ற ஒரு நாடு தன் பழைய கணக்கை எவ்வாறு எழுதிக்கொள்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

அங்கிருந்து வடக்கே திடலை நோக்கி நடந்தால் எஸ். பி. சீனிவாசகம் சாலை வரும். சீனிவாசகம் சகோதரர் இருவரும் ஈப்போவில் வாழ்ந்த தமிழ் வழக்கறிஞர்கள். 1953இல் தோன்றிய பேராக் முற்போக்குக் கட்சியை வளர்த்தவர்கள். தம்பி டி. ஆர். சீனிவாசகத்தின் பெயரில் ஒரு பூங்காவும் உண்டு. அச்சாலையிலுள்ள செயின்ட் மைக்கல் பள்ளி 1912இல் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் அது அவர்களுடைய அலுவலகமாயிற்று. திடலின் ஓரத்திலே இந்திய முஸ்லிம் பள்ளிவாசல். ஷேக் ஆதம் என்னும் வணிகர் 1908இல் மொகலாய முறையில் கட்டுவித்தது; தமிழ் முஸ்லிம்கள் தொழுவதற்கென எழுந்தது. சிறுமி என்னிடம் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை வேண்டுமாயின் இதுவே. மாணவர்கள் வாயில் வளைவுகளை வரைந்துகொள்ளக் கால் மணி நேரம் ஒதுக்குக.

இனி வங்கிகள். சுல்தான் யூசுப் சாலை, முன்னாளில் பெல்பீல்டு தெரு, கிந்தா ஈயத்தின் பணப்பெட்டியாய் இருந்தது. சார்ட்டர்டு வங்கி 1924. ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1931. ஈயம் வாங்கி உருக்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் கம்பெனியின் கட்டடம் இவற்றினும் மூத்தது, 1907. தெருக்கள் கோடு கிழித்தாற்போல் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1892இல் பெருந்தீ ஒன்று ஊரின் பெரும்பகுதியை அழித்தது. ஈயப் பணம் கொழித்த காலமாதலால், எரிந்த இடத்தில் நேரான தெருக்களை வகுத்து மீண்டும் கட்டினர்.

கடைவீடுகளைப் பார்ப்பதற்குச் சாலையின் எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டிய ஆண்டைச் சுண்ணாம்பில் வடித்து நெற்றியில் பதித்திருப்பார்கள். கீழே தூண்களுக்கிடையே ஓடும் நடைவழியை நம் மக்கள் அஞ்சடி என்பர். 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகர விதியில் தொடங்கிய ஐந்தடி அகல நடைவழியே அது. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் நடக்க உதவுவது. பூக்கட்டுபவருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் அதுவே கடையாயிற்று.

ஹக்கா சீனச் சுரங்க முதலாளிகளின் சங்கமான ஹான் சின் பெட் சூ 1893இல் தோன்றியது. 1929இல் கட்டிய அதன் மாளிகை இப்போது ஈயச் சுரங்கத் தொழிலைக் காட்டும் அருங்காட்சியகம். ஈயலம்பம் என்ற சொல்லைப் பாட்டி வாயிலாக மட்டும் கேட்ட பிள்ளைகள் அதன் பொருளை இங்கே அறிவர். அருகேயுள்ள பங்லிமா சந்தைத் தவுக்கேமாரின் சின்னவீட்டுச் சந்து என்று சொல்வதுண்டு. இதன் விளக்கத்தை மாணவரிடம் சுருக்கமாக முடித்துக்கொள்வது ஆசிரியருக்கு நலம்.

இத்தனை கட்டடங்கள் எப்படிப் பிழைத்தன என்று வியப்பவர்கள் உண்டு. பழமையைப் பேண வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. 1985 அக்டோபரில் உலக ஈய மன்றம் முறிந்து ஈய விலை வீழ்ந்தது. லம்பங்கள் மூடின, இளைஞர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். இடித்துக் கட்டப் பணமில்லாத ஊரில் பழைய வீடு நின்றது. 2014இல் சுவர் ஓவியங்கள் தீட்டப்பட்ட பிறகு பயணிகள் பெருகினர். காப்பிக் கடைகள் நிறைந்தன. இப்போது அவ்வீடுகளுக்கு வந்துள்ள ஆபத்து வறுமையன்று, வாடகை. ஓவியத்தின் முன் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்போர், அது தீட்டப்பட்ட சுவரின் வயதைக் கேட்பதில்லை.

தெற்கே நடந்தால் லகாட் சாலைப் பகுதி, அதாவது நம்மவர் கடைத்தெரு. அங்கே மாணவருக்கு நான் விளக்க வேண்டியது குறைவு. அவர்கள்தாம் எனக்குக் கடை கடையாகச் சொன்னார்கள். வங்கிகள் பெருந்தோட்டத்துக்கும் பெருஞ்சுரங்கத்துக்கும் கடன் தந்த காலத்தில், சிறு தோட்டக்காரரும் கடைக்காரரும் நாடியது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கியைத்தான். மேசை நாற்காலி இல்லை. தரையில் பாய், சாய்வுப் பெட்டி, கணக்கேடு. 1930ஐ ஒட்டி ரப்பர் விலை சரிந்தபோது, கடனுக்கு ஈடாக நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கல்மாளிகை எழுப்பாத அவ்வங்கியின் வரலாறு ஏட்டில்தான் இருக்கிறது. பின்னாளில், ஆங்கிலேயர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் பத்து பத்து வெள்ளியாகச் செலுத்தித் தோட்டம் வாங்குவதற்குத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோன்றியது. அதை அமைத்த துன் சம்பந்தன் இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். பழைய நகரின் நடுவே அவர் பெயரிலும் ஒரு சாலை ஓடுகிறது.

அங்கிருந்து நிலையத்துக்குத் திரும்பினோம். காலையில் கடந்துவந்த நினைவுத்தூண், முதல் உலகப் போரில் இறந்த பேராக் ஆடவருக்காக 1927இல் எழுந்தது. அடுத்த போர்களில் மாண்டோருக்காகப் பின்னர்ப் பலகைகள் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்டோரைக் குறிப்பது. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் காட்டை வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை அது. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் தோட்டத்துத் தமிழர். காலராவிலும் பசியிலும் இறந்தோர் பல்லாயிரவர். போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருள் மிகப் பலருக்கு அதுவும் இல்லை.

பலகையை அச்சிறுமி உரக்கப் படித்தாள். தம் வீட்டார் எவரேனும் சயாமுக்குப் போனதுண்டா என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதி வரும்படி சொன்னேன். அடுத்த வாரம் பதினொரு தாள்கள் வந்தன. நான்கில் சயாம் என்ற சொல் இருந்தது.