துண்டும் கிப்பாண்டேயும்: தோட்டத் தொழிலாளரைப் பிணைத்த சீட்டுகள்

முன்னுரை

புதுக்கோட்டை உள்ளிட்ட தென்தமிழக ஊர்களில் 'கண்டிக்குப் போதல்' என்னும் வழக்கு இலங்கை மலைத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வதைக் குறித்தது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அதன்பின், மொரீசியசின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் செய்த வேலைக்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இலங்கைக்குச் சென்றோரிடம் அத்தகைய ஒப்பந்தம் இல்லை; ஆகவே அவர்களது உழைப்பைக் குடியேற்ற ஆட்சியாளர் 'சுதந்திர உழைப்பு' என்றனர். அது எத்துணைச் சுதந்திரமானது என்பதைத் 'துண்டு' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டுக்குக் கென்யாவின் 'கிப்பாண்டே' எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கடனில் தொடங்கிய பயணம்

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்டால் கூலியும் இல்லை, கஞ்சியும் இல்லை. 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் இந்நிலையை மேலும் கொடிதாக்கியது. அம்மாபட்டினம், தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையை அடைந்தோர், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

ஆள்திரட்டும் கங்காணி பெரும்பாலும் அதே ஊரினர், உறவினராகவும் இருந்ததுண்டு. தோட்டத்துரை கொடுத்த முன்பணத்திலிருந்து அவர் தோணிக்கூலி, வழிச்சோறு, ஊர்க்கடன் ஆகியவற்றைத் தீர்த்தார். அத்தொகை தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. முதல் நாள் வேலைக்கு இறங்குமுன்பே அவர் கடனாளி. கூலியும் கங்காணி வழியாகவே வந்ததால் கடன் எளிதில் தீரவில்லை. வேலையைவிட்டு ஓடுவதை 1865ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

துண்டு

ஒரு கங்காணி தம் ஆள்களுடன் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவர்களை விடுவிப்பேன் என்பது அதன் பொருள். அதுவே துண்டு. புதிய துரை அத்தொகையைக் கொடுத்து ஆள்களைப் பெற்றார். அது மீண்டும் அவர்கள் தலையிலேயே கடனாக ஏறியது. விலைக்கு வாங்கப்பட்டது கடன்தான் என்று சட்டம் கூறலாம், கைமாறியதோ மனிதர். 1921இல்தான் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கிப்பாண்டே

கென்யாவில் வெள்ளையர் குடியேற்றத்துக்காக நிலம் பறிக்கப்பட்டது. குடிசைவரி செலுத்தப் பணம் தேடி ஆப்பிரிக்கர் அவர்தம் பண்ணைகளில் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. 1915இல் சட்டமாகி, முதல் உலகப்போருக்குப்பின் நடைமுறைக்கு வந்த பதிவுமுறைப்படி, வயதுவந்த ஆப்பிரிக்க ஆண்கள் தம் வேலை விவரம் பொறித்த சீட்டை உலோகக் கூட்டிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டனர். முதலாளி கையொப்பமிட்டு விடுவித்தாலன்றி வேறு வேலைக்குச் செல்ல இயலாது. அதன் பெயர் கிப்பாண்டே. சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்கும் 'துண்டு' என்பதே பொருள்.

இரண்டும் ஒன்றல்ல. கிப்பாண்டே அரசு சுமத்தியது. தனி மனிதரைப் பிணைத்தது. துண்டு தோட்டத்துரைமாரின் வழக்காறு. ஒரு கூட்டத்தையே பிணைத்தது. அங்கே வரியும் நிலப்பறிப்பும், இங்கே பஞ்சமும் கடனும் ஆளை உந்தின. எனினும் தொழிலாளி எங்கே உழைக்கலாம் என்பதை முதலாளி எழுதிய தாளே முடிவுசெய்தது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

வாய்மொழிச் சான்று

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் போன்ற தொகுப்புகளைப் பயில்வோர், கங்காணி மீதான சினத்தையும் ஏளனத்தையும் எளிதில் காண்பர். கணக்கு அவர் கையில் இருந்ததால் வசையும் அவரையே முதலில் சென்றடைந்தது. ஆயின் இதனைக்கொண்டு கங்காணியே சுரண்டலின் ஊற்று எனக் கொள்வது பிழையாகும். முன்பணம் துரையுடையது, காப்பியும் தேயிலையும் தந்த ஆதாயம் பெருமளவு ஆங்கிலேய முதலீட்டாளரைச் சேர்ந்தது. சுரண்டலுக்கு ஊரான் முகத்தைப் பூட்டியதே கங்காணிமுறையின் வலிமை. பாடல் பழித்த முகத்தோடு, அது காணாத கையையும் ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.

நிறைவுரை

துண்டு ஒழிந்தபின்னும் தாளின் ஆட்சி ஒழியவில்லை. 1948 மார்ச்சில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அவ்வாண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தலைமுறைப் பிறப்புச் சான்று காட்ட இயலாத மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாயகம் திரும்பியோர் கையில் 'குடும்ப அட்டை' இருந்தது. துண்டு, சான்று, அட்டை என்னும் இச்சொற்களின் வரலாற்றை, திரும்பியோர் வாழும் ஊர்களில், அவர்தம் முதியோர் இருக்கும்போதே தொகுத்தல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.