கடையை மூடினாலும் வழக்கு மூடவில்லை

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே! "சங்கம் கிங்கம்னு கிளம்பினா வேலையே போயிடும்" என்று நம்மை மிரட்டுகிறவர்கள் எங்கும் உண்டு. கனடாவில் நடந்ததைக் கேளுங்கள்.

வால்மார்ட், 1962-இல் அமெரிக்காவில் தொடங்கிய மலிவு விலைக் கடை. கியூபெக் மாநிலம் ஜோங்கியேர் ஊரில் அதன் கிளைத் தொழிலாளர்கள் 2004 ஆகஸ்டில் சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றார்கள். ஒப்பந்தம் முடியுமுன்பே, 2005 பிப்ரவரியில், கடையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. வியாபாரம் சரியில்லையாம்! ஏப்ரலில் பூட்டு விழுந்தது. ஏறக்குறைய 190 பேருக்கு வேலை போச்சு.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்பது வருஷம் வழக்காடினார்கள். 2014 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சங்கம் மனுப் போட்ட பிறகு நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு வேலை நிலைமையை மாற்றக் கூடாது, மூடியதற்குத் தகுந்த காரணம் காட்டவில்லை, நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

போன வேலை திரும்பவில்லை, உண்மைதான். ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? அதைப் பிடித்துக் கேட்க ஆள் வேணும். தனி ஆள் ஒன்பது வருஷம் தாங்க மாட்டான், சங்கம் தாங்கும்.

ஆகவே நோட்டீசு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். நாளைக்கு நமக்காகப் பேசப் போவது அந்தத் துண்டுக் காகிதந்தான்!