பிளாஸ்மாவை எத்தனை நொடி பிடித்து வைக்க முடியும்? அணுக்கரு இணைவு ஆய்வில் இந்தியாவின் நிலை

லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறும் ஆய்வு பற்றிய செய்திகளில் வெப்பநிலையே பெரும்பாலும் தலைப்பாகிறது. பதினைந்து கோடி டிகிரி என்பது வியப்பூட்டும் எண்தான். ஆனால், ஆய்வாளர்களை நெடுங்காலமாக வாட்டும் கேள்வி வேறு: அந்த வெப்பத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியும்?

குஜராத்தின் காந்திநகரில், அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இக்கேள்வியோடு போராடி வருகிறது. இந்தியாவில் உருவான முதல் டோகாமாக் கருவியான ‘ஆதித்யா’ அங்கு 1989-ல் இயங்கத் தொடங்கியது. டோகாமாக் என்பது நடுவில் துளையுள்ள வடை போன்ற வெற்றிடக் கலம். அதனுள் செலுத்தப்படும் ஹைட்ரஜன் வாயு மின்னோட்டத்தால் சூடேறி, அயனிகளும் எலக்ட்ரான்களும் பிரிந்த பிளாஸ்மாவாகிறது. மின்னூட்டம் கொண்ட இத்துகள்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றியே சுழல்வதால், பிளாஸ்மா சுவரைத் தொடாமல் காக்கப்படுகிறது.

சிக்கல் மின்னோட்டத்தில் இருக்கிறது. மின்மாற்றியில் நிகழ்வதைப் போன்றே, நடுச்சுருளின் மின்னோட்டம் மாறிக்கொண்டிருக்கும் வரைதான் பிளாஸ்மாவில் மின்னோட்டம் தூண்டப்படும். அந்த மாற்றம் எல்லையைத் தொட்டதும் பிளாஸ்மா அணைந்துவிடும். ஆதித்யாவில் உள்ளவை போன்ற தாமிரக் காந்தச் சுருள்களும் விரைவில் சூடேறிவிடும்.

இதற்கு விடை தேடியே ‘எஸ்எஸ்டி-1’ கருவி உருவாக்கப்பட்டது. இதன் நையோபியம்-டைட்டானியம் மீக்கடத்திச் சுருள்கள் ஹீலியத்தால் மைனஸ் 268 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்விக்கப்படுகின்றன. அந்நிலையில் அவற்றில் மின்தடை இராது. ரேடியோ அலைகளைச் செலுத்தி, தூண்டலின்றியே பிளாஸ்மா மின்னோட்டத்தைத் தொடரச் செய்வது அடுத்த படி. 2013-ல் முதல் பிளாஸ்மாவைக் கண்ட இக்கருவியின் வடிவமைப்பு இலக்கு 1,000 நொடி. வெளியான முடிவுகளோ ஒரு நொடிக்குள் அடங்குகின்றன.

சீனாவின் ‘ஈஸ்ட்’ 2025 ஜனவரியில் 1,066 நொடியையும், பிரான்சின் ‘வெஸ்ட்’ அடுத்த மாதமே 1,337 நொடியையும் எட்டின. இரண்டும் மீக்கடத்திக் காந்தங்கள் கொண்டவை. ஒப்பீடு கசப்பானதுதான்.

கனரகப் பொறியியலில் நிலைமை நேர்மாறு. பிரான்சில் எழும் பன்னாட்டு ‘ஐட்டர்’ திட்டத்தில் இந்தியா 2005-ல் இணைந்தது. அதன் உலையைச் சூழும், சுமார் 30 மீட்டர் உயரமும் 3,850 டன் எடையும் கொண்ட கிரையோஸ்டாட் கலத்தின் பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் தயாராகி அனுப்பப்பட்டன. 50 மெகாவாட் வெப்பத்தைச் செலுத்தி, 500 மெகாவாட் இணைவு ஆற்றலை சுமார் 400 நொடிக்குப் பெறுவது ஐட்டரின் இலக்கு. 2024-ல் அறிவிக்கப்பட்ட மாற்றுக் கால அட்டவணைப்படி, டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிபொருள் அங்கு 2039-ல்தான் பயன்பாட்டுக்கு வரும்.